செய்தி வந்தது, தோழர் வந்தாரா?

புகழனைத்தும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



எங்கள் மஹல்லாவில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கிறார். தவறாமல் அஸர் தொழுகைக்கு வந்து முதல் ஸஃப்பில் நிற்கக்கூடியவர். சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு மூன்று வாரங்களாக அவரைக் காணவில்லை. ஒருநாள் அவருடைய வாப்பா என்னிடம் வந்தார். கண்கலங்கி நின்றார்.

"ஹஜ்ரத்! பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. பேசுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிகிறது. போனைப் பிடுங்கி வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்ன கெட்ட பழக்கமோ என்று பயமாக இருக்கிறது" என்றார்.

பிள்ளையை அழைத்துவரச் சொன்னேன். பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டேன். வெகுநேரம் கழித்து வாய் திறந்தார். கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து இவரையும் சேர்த்து ஐந்து பேர் இணைபிரியாத நண்பர்கள். ஐவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருந்தது. காலை எழுந்தது முதல் உறங்கும் வரை அதில்தான் பேச்சு. திடீரென்று ஒருநாள் முதல் அந்தக் குரூப்பில் பேச்சு நின்றுபோயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு இருபத்தைந்தில் ஒரு நண்பனுடைய ஸ்டேட்டஸில் ஒரு படம் பார்த்தார். மற்ற நால்வரும் ஒரு வீட்டில் ஒன்றாக அமர்ந்து நோன்பு திறந்துகொண்டிருந்தார்கள். இவரை விட்டுவிட்டு நால்வர் மட்டும் வேறொரு குரூப் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது: "சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகலாம் ஹஜ்ரத். சண்டையே இல்லையே!"

சகோதரர்களே! இதைவிட எனக்கு வேதனை தந்தது அதன் பின்பு அவர் சொன்னதுதான். "நோன்பிலேயே ஒருநாள் அஸருக்குப் பிறகு உங்களிடம் சொல்லலாம் என்று வந்தேன். நீங்கள் போனில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். மஃரிபுக்குப் பிறகு வா தம்பி என்றீர்கள்" என்றார். எனக்கு நினைவேயில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தாலல்லவா நினைவிருக்கும்! அன்று நோன்புக் கஞ்சி சம்பந்தமாக ஜமாஅத் குரூப்பில் எவருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்திருப்பேன். காயம்பட்ட ஒரு பிள்ளை என் எதிரில் வந்து நின்று திரும்பிப் போயிருக்கிறது. ஆகவே, பிள்ளைகளுக்கு உபதேசம் செய்ய வந்திருக்கும் இந்தப் பக்கத்தில் முதல் குற்றவாளியாக என்னையே நிறுத்திக்கொள்கிறேன்.

நாயகத் திருமேனி (ஸல்) அவர்களின் வரலாற்றிலே ஒரு சம்பவம் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, நஸாயீ கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. பெருமானார் ஒரு மோதிரம் அணிந்திருந்தார்கள். தோழர்களோடு அமர்ந்திருக்கையில் பார்வை ஒருமுறை மோதிரத்தின் மீதும், ஒருமுறை தோழர்கள் மீதுமாகச் சென்றது. தோழர்களிடமிருந்து தம் கவனத்தை அது திருப்பிவிட்டதைத் தெரிவித்து, அந்த மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். சிறிய மோதிரம் அது. அது பேசாது, ஒலி எழுப்பாது. அதன் மீது விழுந்த ஒரு பார்வையைக்கூட எதிரிலிருப்பவருக்குச் செய்த குறையாக எண்ணினார்களென்றால், நாம் கையிலேந்தி நாளெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பொருளைப் பற்றி என்ன சொல்வது?

கருவி மீது பழி சொல்லலாமா?

"அப்படியானால் செல்போன் ஹராமா?" என்று சிலர் உடனே கேட்பார்கள். இல்லை, சகோதரர்களே! அவசரப்பட்டு ஹராம் என்று சொல்வதும் பாவமே. கருவி ஒரு வஸீலா, அவ்வளவுதான். நன்மைக்குப் பயன்பட்டால் நன்மை. தீமைக்குப் பயன்பட்டால் தீமை.

நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சவூதிக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போன கணவரின் ஒரு கடிதத்திற்காக வாரக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்திருந்த காலம் ஒன்றிருந்தது. கேஸட்டில் குரலைப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். உம்மா அதைப் போட்டுக் கேட்டுக் கேட்டு அழுவார்கள். பிள்ளை பிறந்த செய்தி போய்ச் சேரும்போது பிள்ளைக்குத் தொட்டில் கட்டி முடிந்திருக்கும். 1992-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில்தான் முதன்முதலாக ஒரு குறுஞ்செய்தி தொலைபேசிக்கு அனுப்பப்பட்டது. 2009-இல் வாட்ஸ்அப் தொடங்கிற்று. இன்று ரியாத்திலுள்ள தகப்பன் தன் குழந்தை முதலடி எடுத்து வைப்பதை அந்த நொடியிலேயே காண்கிறார். இது அல்லாஹ்வின் நிஃமத் அல்லவா? நிஃமத்தைப் பழிப்பது நன்றியன்று. அதை ஒழுங்காகப் பயன்படுத்துவதே ஷுக்ரு ஆகும்.

அறிஞர்களின் ஆய்வும் இதையொட்டியே செல்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் கிரௌட் என்பவரும் அவருடைய சகாக்களும் 73 வீடுகளைச் சேர்ந்த 169 பேரை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் வீட்டாரோடு பேசுவது குறைந்து, தனிமையுணர்வு கூடியிருந்ததைக் கண்டார்கள். அவர்களே பின்னும் தொடர்ந்து ஆராய்ந்து 2002-இல் எழுதியபோது, அந்தத் தீங்குகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்றார்கள். ஆனால் புதிதாகச் சேர்த்த வேறு மக்களிடம் இன்னொன்றைக் கண்டார்கள். கலகலப்பானவர்களும் நல்ல துணை உள்ளவர்களும் இணையத்தால் மேலும் நலமடைந்தார்கள். ஒதுங்கிய சுபாவமுள்ளவர்களுக்கோ அது நலம் தரவில்லை. நெதர்லாந்தில் வால்கன்பர்க், பீட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளை ஆராய்ந்து 2007-இல் சொன்னதும் கவனிக்கத்தக்கது. ஏற்கெனவே இருக்கும் நண்பர்களோடு பேசுவதற்கு இணையத்தைப் பயன்படுத்தும் பிள்ளைகளிடம் நெருக்கம் கூடியிருந்தது.

இதிலிருந்து விளங்குவது யாது? உள்ள நட்புக்கு இது நீர் பாய்ச்சும். நட்பே இல்லாத இடத்தில் இது நட்பை நட்டுத் தராது. தோழர் உள்ளவர் மேலும் பெறுகிறார். தனித்தவர் அடுத்தவர் பெறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் மஹல்லாப் பிள்ளை போர்வைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

நாம் கற்க வேண்டிய நான்கு ஒழுக்கங்கள்

வாலிபக் கண்மணிகளே! உங்களோடு சற்று நேரம் பேசுகிறேன். தீனுல் இஸ்லாம் பள்ளிவாசலுக்குள் மட்டும் நடக்க வேண்டிய காரியமன்று. உங்கள் விரல் நுனியிலும் அது இருக்க வேண்டும்.

ஒன்று: ஒருவரை ஒதுக்கிப் பேசுதல். மூவர் கூடியிருக்கும்போது இருவர் மாத்திரம் ரகசியம் பேசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அது மூன்றாமவரை வருந்தச் செய்யும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பலர் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவதும் இதே சட்டத்தில் அடங்கும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அந்த மூன்றாமவரை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அவர் உள்ளம் நோகுமே என்பதற்காகவே ஒரு சட்டம் வந்தது! ஒருவரை மட்டும் விட்டுவிட்டு வேறு குரூப் தொடங்குவது இதைவிடக் கடுமையானதன்றோ? எல்லா நண்பரும் எல்லாக் குரூப்பிலும் இருக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நேற்றுவரை கூடவே இருந்தவர் இன்று ஏன் இல்லை என்று அவருக்கே தெரியாமல் விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

இரண்டு: மௌனமும் கெட்ட எண்ணமும். 2014-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தியைப் படித்துவிட்டால் இரண்டு நீலக் குறிகள் தெரிகின்றன. அன்றிலிருந்து எத்தனை மனக்கசப்புகள்! "பார்த்துவிட்டான், பதில் போடவில்லை" என்பதே பெரும் குற்றச்சாட்டாகிவிட்டது. பதில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். உம்மா கடைக்கு அனுப்பியிருப்பார், தொழப் போயிருப்பார், என்ன எழுதுவதென்று யோசித்திருப்பார். கெட்ட எண்ணங்களை விட்டு விலகுமாறும், பிறர் குறையைத் துருவித் தேடாதிருக்குமாறும், புறம் பேசாதிருக்குமாறும் அல்லாஹ் தஆலா ஸூரத்துல் ஹுஜுராத்தின் பன்னிரண்டாம் வசனத்தில் நமக்குக் கட்டளையிடுகிறான். மூன்றும் ஒரே வசனத்தில் வந்திருக்கின்றன. ஸூஉள்ளன் என்னும் கெட்ட எண்ணம் வந்தால், 'கடைசியாக எப்போது வந்தான்' என்று துருவிப் பார்க்கத் தோன்றும். துருவிப் பார்த்தவர் அடுத்து இன்னொருவரிடம் அதைப் பேசுவார். நீலக் குறியில் தொடங்கி கீபத்தில் முடிகிறது பாருங்கள்!

உண்மையிலேயே மனத்தாங்கல் இருந்தாலும் மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரரை வெறுத்து ஒதுங்குவது ஆகுமானதன்று. இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவரே என்பது அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) வாயிலாக நமக்குக் கிடைத்த நபிமொழியின் கருத்து. ஒருவரை 'பிளாக்' செய்துவிட்டு மாதக்கணக்கில் இருக்கும் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும். தீய நோக்கோடு தொல்லை கொடுப்பவரிடமிருந்து விலகிக்கொள்வது வேறு. தோழமையில் வந்த சிறு கோபத்துக்காக வாசலைப் பூட்டுவது வேறு.

மூன்று: பிறர் வாழ்வை எட்டிப் பார்த்து ஏங்குதல். ஸ்டேட்டஸில் எவரும் தம் அழுகையைப் போடுவதில்லை. பிரியாணியைப் போடுவார்கள், பழஞ்சோற்றைப் போடமாட்டார்கள். அதைப் பார்த்து, "எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் மட்டும்தான் தனி" என்று பிள்ளை எண்ணுகிறது. உலக விஷயத்தில் நமக்கு மேலே இருப்பவரைப் பாராமல் கீழே இருப்பவரைப் பார்க்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தது எவ்வளவு பெரிய மருந்து! அப்படிப் பார்த்தால்தான் அல்லாஹ் தந்த அருளை அற்பமாக எண்ணமாட்டோம். படம் போடுகிறவருக்கும் ஒரு சொல்: நீங்கள் போடும் படத்தை அழைக்கப்படாத ஒரு நண்பரும் பார்ப்பார் என்பதை நினைத்துப் போடுங்கள்.

நான்கு: அமானிதம். நண்பர் நம்பிச் சொன்ன வார்த்தை அமானிதம். சபையில் பேசியது அமானிதம். அதைப் படமெடுத்து இன்னொரு குரூப்பில் போடுவது அமானித மோசடியாகும். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் ஒரு நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. 2018-ஆம் ஆண்டு பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்தியால் தமிழகம் உட்பட நம் நாட்டின் பல இடங்களில் ஒன்றுமறியாதவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகே அந்த நிறுவனம், வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்கு வரம்பு வைத்துவிட்டது: கொண்டுவரப்பட்ட செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின் வருந்தக்கூடாது என்பதே அதன் போதனை.

மலைமேல் எழுந்த குரலும் ஓடி வந்த கரமும்

செய்தி பெரிதா, நேரில் வருவது பெரிதா? இதற்கு ஸஹாபாக்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது.

ஹிஜ்ரி ஒன்பதாம் ஆண்டு தபூக் யுத்தத்துக்குச் செல்லாமல் பின்தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் சரித்திரம் நீங்கள் அறிந்ததே. அவர்கள் பொய்க் காரணம் சொல்லாமல் உண்மையைச் சொன்னார்கள். அல்லாஹ்வின் தீர்ப்பு வரும் வரை அவர்களோடு எவரும் பேசக்கூடாதென்று கட்டளையாயிற்று. ஐம்பது நாட்கள்! கடைவீதியில் நடந்தார்கள், யாரும் பேசவில்லை. தம் சிறிய தந்தை மகன் அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரேறிப் போய் ஸலாம் சொன்னார்கள். பதில் ஸலாம் கிடைக்கவில்லை. பூமி இவ்வளவு விசாலமாக இருந்தும் அவர்களுக்கு நெருக்கமாகிவிட்டதை ஸூரத்துத் தவ்பாவின் 118-ஆம் வசனம் குறிப்பிடுகிறது. அது அல்லாஹ்வின் ஏற்பாட்டில் நடந்த பரிசோதனை; அவர்களுடைய தரத்தை உயர்த்தியது. நாம் நம் இஷ்டத்துக்கு ஒருவரை ஒதுக்கிவிட்டு இதை ஆதாரம் காட்ட முடியாது. ஒதுக்கப்பட்டவரின் நெஞ்சு எப்படியிருக்கும் என்பதை மட்டும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஐம்பதாம் நாள் காலை மன்னிப்பு இறங்கிற்று. நற்செய்தி சொல்ல ஒருவர் குதிரையில் விரைந்தார். அஸ்லம் கோத்திரத்தவர் ஒருவரோ ஓடி மலைமீதேறி உரக்கக் கூவினார். குதிரையைவிடக் குரல் முந்திற்று. குரல் கொடுத்தவர் பின்னர் நேரில் வந்தபோது, கஅப் (ரலி) அவர்கள் தாம் உடுத்தியிருந்த இரு ஆடைகளையும் அவருக்குப் பரிசளித்துவிட்டு, வேறு ஆடைகளை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டார்கள். பின்பு பள்ளிவாசலுக்குச் சென்றார்கள். கூடியிருந்த முஹாஜிர்களில் தல்ஹா இப்னு உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள் ஒருவர் மாத்திரம் எழுந்து, விரைந்து எதிர்கொண்டு வந்து, முஸாபஹா செய்து வாழ்த்தினார்கள். தல்ஹாவின் அந்தச் செயலைத் தாம் ஒருபோதும் மறக்கவில்லை என்று கஅப் (ரலி) அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

சிந்தியுங்கள், சகோதரர்களே! விரைவாக வந்த செய்திக்கும் மதிப்புண்டு. உடுத்திய ஆடையே அதற்குப் பரிசாயிற்று. ஆயினும் வாழ்நாளெல்லாம் நெஞ்சில் நின்றது எது? எழுந்து ஓடி வந்து பற்றிய கரம்! நம் செல்போன் மலைமேல் எழுந்த குரலைப் போன்றது. குரல் முந்தட்டும், தடையில்லை. ஆனால் குரலோடு நின்றுவிடாமல் கரமும் பின்னால் வரவேண்டும்.

பெற்றோர்களே!

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை வந்திருக்கிறது. அந்நாட்டிலும் வாட்ஸ்அப் போன்ற செய்திச் சாதனங்கள் அத்தடையில் சேரவில்லை. சட்டம் நம் வீட்டு வாசல் வரையில்தான் வரும். உள்ளே பொறுப்பாளிகள் நீங்களே.

பிள்ளையின் போனைப் பிடுங்குவதற்கு முன்பு உங்கள் போனைக் கீழே வையுங்கள். மஃரிபிலிருந்து இஷா வரை வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, அங்கே வைத்துவிடுங்கள்; வாப்பாவின் போன் முதலில் அங்கே போகட்டும். இரவில் படுக்கையறைக்குப் போன் வேண்டாம். "யாரோடு பேசினாய்?" என்று போலீஸ்காரரைப் போல் விசாரிக்காமல், "உன் சிநேகிதர்கள் எப்படியிருக்கிறார்கள்?" என்று தகப்பனாகக் கேளுங்கள். பிள்ளையின் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து ஒருவேளை சோறு போடுங்கள். கஸ்தூரி வைத்திருப்பவரையும் கொல்லனின் துருத்தியையும் உதாரணம் காட்டி நபிகளார் (ஸல்) அவர்கள் நட்பை விளக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரவைத்தாலன்றி எவரிடம் கஸ்தூரி, எவரிடம் புகை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? முகம் தெரியாத அந்நியரோடு, அந்நிய ஆண் பெண் என்ற வரம்பு கடந்து நள்ளிரவில் நடக்கும் பேச்சு எங்கே கொண்டுபோய்விடும் என்பதையும் அச்சுறுத்தாமல் விளக்கிச் சொல்லுங்கள். தவறு நேர்ந்துவிட்டால் முதலில் உங்களிடம் வந்து சொல்லும் தைரியத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

அந்தப் பிள்ளை என்னவானார் என்று கேட்பீர்கள். நான் அவரிடம் பெரிய உபதேசம் எதுவும் செய்யவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். பின்பு, "நால்வருக்கும் எழுதாதே. ஒருவரிடம் மட்டும் நேரில் போ. நீ முதலில் ஸலாம் சொல்" என்றேன். நால்வரில் ஒருவருடைய பாட்டிக்கு அப்போது உடம்பு சரியில்லை. நோய் விசாரிக்கப் போனார். வாசலில் ஸலாம் சொன்னதும் அந்த நண்பன் திகைத்துப் போய், "நீதான் எங்களோடு பேச விரும்பவில்லை என்று சொன்னார்களே!" என்றானாம். எவரோ சொன்ன ஒரு பொய், எவரும் நேரில் கேளாததால் ஒன்றரை மாதம் உயிரோடிருந்திருக்கிறது.

நால்வரும் திரும்பி வந்துவிடவில்லை. இருவர் வந்தார்கள். இப்போது அஸர் தொழுதுவிட்டு மூவரும் பள்ளிவாசல் திடலில் பந்து விளையாடுகிறார்கள். போன்கள் மூன்றும் என் அறையின் ஜன்னலில் கிடக்கின்றன. நானும் அந்த நேரத்தில் என் போனை அவற்றின் பக்கத்தில் வைத்துவிடப் பழகிக்கொண்டேன்.

மறுமை நாளில் உற்ற நண்பர்களும் ஒருவருக்கொருவர் பகைவராகிவிடுவர், இறையச்சமுடையோரைத் தவிர என்று ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் 67-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்த நாளிலும் நம்மை விட்டு விலகாத நண்பர்களை இங்கேயே தேடிக்கொள்வோமாக! இன்று வீட்டில் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், நீங்கள் நெடுநாளாகக் காணாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸலாம் எழுதி அனுப்புங்கள். பின்பு, இன்ஷா அல்லாஹ், எழுந்து நேரில் போய்ப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல தோழமையைத் தந்தருள்வாயாக! ஒதுக்கப்பட்ட உள்ளங்களுக்கு ஆறுதலளிப்பாயாக! எங்கள் நாவையும் விரலையும் பிறர் நெஞ்சைப் புண்படுத்தாமல் காப்பாயாக! எங்களிடம் தேடி வருபவரை நிமிர்ந்து பார்க்கும் முகத்தையும், எழுந்து சென்று பற்றும் கரத்தையும் எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!